பச்சை டிக் விழுந்த புகார்

மருந்துக்கடைக்காரர் படியேறி வந்தபோது அவசரம் நாற்காலியின்மேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும் முந்திரிக்கொட்டைக்கு வீட்டில் வைத்த 'அவசரம்' என்ற பட்டப்பெயர் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. அவனுடைய அண்ணி அதற்கு நேர்மாறு. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது இந்த மாடியறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். மிச்சம் அப்போதுதான் வரும் என்பார்.

வந்தவர் துண்டில் சுற்றிவைத்திருந்த டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் மகள் ஏழாம் வகுப்பு. வீட்டுப்பாடம், சந்தேகம், தோழிகளோடு அரட்டை எல்லாமே பள்ளிக்கூடத்தின் பாடச் செயலியில்தான். கொஞ்ச நாளாக அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். கதவடியில் தட்டை வைத்தால் பாதி நாள் தொடாமலே இருக்கிறது. நேற்று இந்த டேப்லெட்டை மட்டும் வெளியே வைத்துவிட்டு மறுபடி தாழிட்டுக்கொண்டாளாம்.

அவசரம் நாற்காலியிலிருந்து குதித்து வந்து எட்டிப் பார்த்தான். டீச்சருக்கு அந்தப் பெண் அனுப்பிய வீட்டுப்பாடப் படம் ஒன்றுக்குக் கீழே புகார்கள் வரிசையாக இருந்தன. வகுப்பில் நான்கு பேர் சேர்ந்துகொண்டு தினமும் அவள் உடம்பையும் நடையையும் கேலி செய்து குரல் பதிவு அனுப்புகிறார்கள். அவர்கள் பேசியதை அப்படியே எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க அவசரத்துக்குக் காது சுட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'சென்றது' என்று பச்சை டிக். எல்லாவற்றுக்கும் கீழே, "டீச்சர், நான் அனுப்பினதைப் பார்த்தீங்களா?" என்று ஒரு வரி. அதற்குக் கீழே டீச்சரின் பதில்: "பார்த்தேன்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு. இப்படியே செய்."

"அந்தம்மா இப்போ எதுவுமே வரலன்னு சத்தியம் பண்றாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "நாளைக்கு ஸ்கூல்ல கூட்டம். அழிச்சது அவங்கதான்னு ஆதாரம் குடுங்க. அவங்கள வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு தெரிஞ்சாலாவது பாப்பா வாயத் திறப்பா. அவ பேசினாப் போதுங்க எனக்கு."

அண்ணி வழக்கம்போலச் சும்மா இருந்தார். மிச்சம் வந்தது. பெற்றோர் குழுத் தலைவர் அவர்தான். பிள்ளைகள் கெட்ட வார்த்தை எழுதினால் பிடித்து நிறுத்தும் வடிகட்டியைப் பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டிச் செயலியில் சேர்க்கவைத்தவரும் அவர்தான். போன மாதம் மட்டும் முந்நூற்றுச் சொச்சம் செய்திகளைத் தடுத்திருக்கிறது. அந்த எண்ணிக்கையை அவர் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்களாம். இவ்வளவு செய்தும் தன் பெண்ணுக்கே இப்படி ஆகிவிட்டதே என்றார்.

தெருவில் இறங்குவதற்குள் அவசரம் தீர்ப்பு எழுதிவிட்டான். டீச்சர்தான், சந்தேகமே இல்லை.

டீச்சர் காலி வகுப்பறையில் தன் பொருள்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அறிவியல் பாடமும் அவருடையது, இணையத்தில் பத்திரமாக இருப்பதைப் பற்றிய வகுப்பும் அவருடையது. கேட்பதற்கு முன்பே தன் கைபேசியை நீட்டினார். அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே, வீட்டுப்பாடமாக அவள் வரைந்து அனுப்பிய முளைவிட்ட அவரை விதையின் படம். அடுத்து அவள் கேள்வி. அடுத்து டீச்சரின் பதில். வேறு எதுவும் இல்லை.

"படத்தத்தான் கேக்கிறாள்னு நெனச்சேன்," என்றார் டீச்சர்.

அண்ணி சுவரில் பிள்ளைகள் எழுதி ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். 'யாராவது உன்னைக் காயப்படுத்திப் பேசினால் பதில் சொல்லாதே. அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதி டீச்சருக்கு அனுப்பு.' இரண்டு தடவை படித்துவிட்டு, இப்படிப் புகார்கள் நிறைய வருமா என்று கேட்டார். வருட ஆரம்பத்தில் வந்துகொண்டிருந்தன, பிறகு சுத்தமாக நின்றுவிட்டன என்றார் டீச்சர். பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

"அழிச்சிட்டுப் பேசறாங்க அண்ணி," என்றான் அவசரம், வாசலுக்கு வந்ததும்.

"புகார அழிக்கிறவங்க, தன்னையே காட்டிக்குடுக்கிற அந்தப் பதில மட்டும் விட்டு வைப்பாங்களா?"

அவசரம் பழியை அப்படியே தூக்கிச் செயலியைப் பார்த்துக்கொள்ளும் கணினிக்காரர் தலையில் வைத்தான்.

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் எதிரெதிரே. கணினிக்காரர் கதவை ஒட்டி. டீச்சரின் கைபேசியை மேசை நடுவில் வைக்கச் சொன்ன அண்ணி, டேப்லெட்டை அவசரத்திடம் கொடுத்தார். நாளைக்கு லீவு வேண்டும் என்று எழுதி டீச்சருக்கு அனுப்பச் சொன்னார். பச்சை டிக் விழுந்தது, கைபேசி கிணுங்கியது. பிறகு அந்தப் பெண்ணின் புகாரிலிருந்து ஒரே ஒரு வரியை மாற்றாமல் எழுதச் சொன்னார். அவசரத்துக்கு விரல் கூசியது. எழுதி அனுப்பினான். பச்சை டிக் விழுந்தது. எல்லோரும் கைபேசியையே பார்த்தார்கள். அது சும்மா கிடந்தது.

"வடிகட்டியில நின்னிருக்கும்," என்றார் கணினிக்காரர், தரையைப் பார்த்தபடி.

"அதான்," என்றார் அண்ணி. "அந்த நாலு பேரும் அனுப்பினது குரல் பதிவு. வடிகட்டிக்குப் படிக்கத் தெரியும், கேக்கத் தெரியாது. அதனால அவங்க திட்டினது எல்லாம் இவகிட்ட வந்து சேர்ந்துச்சு. இவ டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரி வார்த்தை மாறாம எழுதினா. அதனால ஒண்ணுகூடப் போகல. கிண்டல் பண்றாங்கன்னு மேலோட்டமா எழுதியிருந்தா போயிருக்கும். சொன்னத சொன்னபடி செய்யற பொண்ணு."

"அப்போ பச்சை டிக் எப்படி?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

கணினிக்காரர் மென்று விழுங்கினார். முதலில் 'தடுக்கப்பட்டது' என்று சிவப்பில்தான் காட்டியதாம். பிறகு மாற்றச் சொன்னார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை, மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். தலைமையாசிரியைக்கும் அது நினைவு வந்தது. தடுத்துவிட்டோம் என்று காட்டினால் பிள்ளைகள் குறுக்கு வழி தேடுவார்கள், போய்விட்டதாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று இதே அறையில் மருந்துக்கடைக்காரர்தான் எழுந்து பேசினார். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கணினிக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டார். "அந்த முந்நூறுல எத்தன எம் பொண்ணோடது?"

தெரியாது என்றார் கணினிக்காரர். வடிகட்டி பிடித்தது பள்ளிக்கூடத்துப் பக்கம் அப்போதே அழிந்துவிடும், எண்ணிக்கை மட்டும்தான் நிற்கும்.

"மத்ததெல்லாம் யாரோடது?" என்றான் அவசரம்.

அந்த நால்வரையும் கூப்பிட்டு விசாரிப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். வடிகட்டியை நிறுத்துவது மட்டும் தன் கையில் இல்லை, குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், மற்ற பெற்றோர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். டீச்சர் மேல் இருந்த பழி தீர்ந்துவிட்டது. அதில் அவருக்கு எந்த நிம்மதியும் வந்ததாகத் தெரியவில்லை. "நல்லா வந்திருக்குன்னு சொன்னேனே," என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணி, அவசரம், டீச்சர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் அந்தப் பெண்ணின் வீட்டில், தாழிட்ட கதவுக்கு முன்னால் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கதவில் கை வைத்துக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னார். யார் சொல்லி டிக் மாறியது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவசரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

உள்ளேயிருந்து, பேசியே பல நாள் ஆன குரல் கரகரத்து வந்தது. "டீச்சர் பார்க்கலியா?"

"இல்லம்மா. சத்தியமாப் பார்க்கல," என்றார் டீச்சர். அந்த ஆறுதலாவது அவளுக்குக் கிடைக்கட்டும் என்பதுபோல, "யாருமே பார்க்கலம்மா," என்று சேர்த்துக்கொண்டார் அப்பா.

அண்ணி காத்திருந்தார். மிச்சம் வந்தது.

"அப்போ இத்தன நாளா நான் யார்கிட்ட சொல்லிட்டிருந்தேன்?"

யாராவது பதில் சொல்வார்கள் என்று அவசரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் அண்ணியைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாழ்ப்பாள் அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் கதவில் வைத்த கையை எடுக்காமல், மத்தியானம் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.