பட்டாணி அளவு பாவம்

"என் பிள்ளையக் கொல்லப் பாத்துட்டாளே!"

ஆஸ்பத்திரி வராந்தாவே அதிர்ந்தது!

பெண் இன்ஸ்பெக்டர் காதைத் தேய்த்துக்கொண்டாள். அலறிய அம்மாவின் விரல் மருமகளைக் காட்டியது. மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே கட்டிலில் அவள் கணவன்... காலையில் குளியலறையில் சுருண்டு கிடந்தவன்.

"விஷமா டாக்டர்?"

"விஷம் குடுக்கல. மருந்தக் குடுக்கல! போன வருஷம் பைக்லேர்ந்து விழுந்ததுல மூளைக்கு அடியில ஒரு சுரப்பி நசுங்கிடுச்சு. பட்டாணி அளவுதான். ஆனா ஹார்மோனுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. தினம் மாத்திரை போட்டா மூளை தெளியும், வேலைக்கே போகலாம். போடலேன்னா மந்தமாகி, குழந்தை மாதிரி ஆயிடுவார். அப்புறம் ஒருநாள் பிரஷர் விழுந்து..."

"ஆள் காலி?"

"இன்னிக்குத் தப்பினதே பெரிய விஷயம்!"

"இவதான் மாத்திரைய மாத்திட்டா மேடம்! வேற ஒருத்தனக் கட்டிக்கப் பாக்கறா!"

ச்சீ! இன்ஸ்பெக்டர் மருமகளை ஒரு புழுவைப் போலப் பார்த்தாள்.

"வாங்கி வைக்கறதோட சரி மேடம். விடிஞ்சதும் வேலைக்கு ஓடிடுவேன். குடுக்கறது அத்தைதான்." பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் ஒரு மாத்திரையைப் பிரித்துப் பார்த்தார். "அசல்தான்!"

ஊசி போட்டதில் கண் திறந்திருந்தான் கணவன். நர்ஸ் அதே மாத்திரையை அவன் வாயில் போட்டாள்.

"த்தூ!" துப்பினான். "கசக்குது! அம்மா குடுக்கறது இனிக்கும்!"



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

அம்மாவின் முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இல்லை!

"அடிபடறதுக்கு முன்னாடி ஆபீஸ், பொண்டாட்டி... என்னைத் திரும்பிப் பார்ப்பானா? இப்ப என் முந்தானையப் பிடிச்சிக்கிட்டே சுத்தறான். தெளிஞ்சா போயிடுவானே மேடம்! அதான் மிட்டாய் குடுத்தேன். உயிருக்கே ஆபத்துன்னு சத்தியமா தெரியாது..."

"பொய்!" டாக்டர் வெடித்தார். "ஒவ்வொரு தடவையும் படிச்சுப் படிச்சு உங்ககிட்டதானே சொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் கொலைகாரர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். இந்த அம்மாவின் பக்கத்தில் நிற்கவே அருவருப்பாக இருந்தது.

"நடங்க ஸ்டேஷனுக்கு!"

"ஐயோ! நானில்லாம என் பிள்ளைக்கு யார் ஊட்டிவிடுவா?"

"அவர் இனிமே தன் கையாலேயே சாப்பிடுவார். உங்களுக்கு வேளாவேளைக்கு நாங்க போடறோம்... ஊட்டிவிட மட்டும் அங்க ஆள் கிடையாது!"