ஈர்க்குக் கோடுகள்

முதல் நாள் அந்தச் சத்தம் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயிலிருந்து வருகிறது என்றுதான் பத்ருன்னிசா நினைத்தாள். ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுந்து, சமையலறைத் தொட்டியில் கைமுகம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தாள். சுகர் லேண்ட் என்ற அந்த அமெரிக்கப் புறநகரில் ஆகஸ்ட் மாத விடியலுக்கென்று ஒரு வாசனை உண்டு. ஈரப்புல்லும் நீச்சல்குளத்துக் குளோரினும் எங்கோ ஓடும் டிரையரின் சோப்பு மணமும் கலந்த வெதுவெதுப்பு. அதற்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. சரக். சிறிது இடைவெளி. மறுபடியும் சரக். குழாயை மூடிவிட்டு நின்றாள். ஈர்க்கு விளக்குமாறு மண்ணை இழுக்கும் சத்தம். கீழக்கரையில் விடிந்தால் தெரு முழுக்கக் கேட்பது. இந்தக் குடியிருப்பில் யாரிடமும் விளக்குமாறு கிடையாது. வாரம் ஒருமுறை தோட்டக்காரர்கள் இலை ஊதும் மெஷினோடு வந்து போவார்கள், அவ்வளவுதான்.

தொழுது முடித்து வெளியே போனாள். கொல்லையில் புதிதாக நிறுத்தியிருந்த ஜாவா மரவீட்டைச் சுற்றிக் கொட்டியிருந்த செம்மண்ணில் கோடுகள் தெரிந்தன. பிறைபிறையாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. கால்தடம் எதுவும் இல்லை. மணல் முற்றம் பெருக்கி வளர்ந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். பின்னோக்கி நடந்துகொண்டே பெருக்கினால் தன் தடமும் சேர்ந்து அழிந்துவிடும். கோடுகள் முடிகிற இடத்தில்தான் பெருக்கியவர் நிற்பார்.

கோடுகள் அந்த வீட்டு வாசற்படியில் முடிந்திருந்தன.

அவள் கணவன் நஜ்முதீன் எண்ணெய் கம்பெனி இன்ஜினியர். வேலை விஷயமாகக் கிழக்கு ஜாவாவில் இருந்தபோது ஒரு சின்ன கிராமத்தில் அந்தத் தேக்கு வீட்டைப் பார்த்தான். அந்த ஊரில் நிலம் ஒரு சொத்து, அதன்மேல் நிற்கும் வீடு வேறொரு சொத்து. மண்ணை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கலாம். தூண், உத்தரம், பலகை என்று பிரித்துக் கண்டெய்னரில் ஏற்றினார்கள். குடியிருப்போர் சங்கத்தில் பூல் ஹவுஸ் என்று எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிக் கொல்லையில் நிறுத்தினார்கள். தரை போடும் ஆள் மட்டும் இன்னும் வரவில்லை. உள்ளே, நான்கு பெரிய தூண்களுக்கு நடுவே வெறும் செம்மண்.

அதை வாங்குவதற்காகக் கீழக்கரை வீட்டை விற்றார்கள். அவர்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் சமயத்தில் பத்ருன்னிசாவுக்கு எழுதிவைத்த வீடு அது. பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனம். தொட்டால் தெரிந்தது. வலிக்கவில்லை.

முந்தின சனிக்கிழமை நண்பர்களை அழைத்து பிரியாணி போட்டிருந்தார்கள். நஜ்முதீன் கொல்லையிலிருந்த தேக்கு வீட்டுக்குள் எல்லோரையும் நிற்கவைத்து, பிரித்தபோது எடுத்த வீடியோவைக் காட்டினான். கூரை இல்லை. சுவர் இல்லை. நான்கு தூண்களுக்கு நடுவே நரைத்த தலையோடு ஒரு பெண் கால்களை ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"ஓடு மொத்தமும் எறக்கியாச்சு பாஸ். இந்தம்மா எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க" என்றான் நஜ்முதீன்.

கூட வேலை பார்க்கும் ஜெயபிரகாஷ் சிரித்தான். "டெனன்ட்டோட சேத்து வாங்கிட்டீங்களா?"

"ஓனர்ப்பா அவங்க. பேரு சுகினெம். அங்க வீடு கடைசிப் பொண்ணுக்கு. கடைசி வரைக்கும் உள்ளயே இருந்து பாத்துக்கணும். அண்ணனுங்க வித்துட்டானுங்க, டைல்ஸ் போட்ட வீடு வேணுமாம்."

"அப்பறம் அவங்க எங்க போனாங்க மச்சான்?" பத்ருன்னிசா கேட்டாள்.

"எங்கயாச்சும் போயிருப்பாங்க. அண்ணன் வீடு இருக்குல்ல." அவன் ஆறு வயது நிதாவைத் தூக்கித் தூண்களுக்கு நடுவே நிறுத்தினான். மூத்தவள் இஸ்ரத் ஆஸ்டினில் படிக்கிறாள்; நிதா தாமதமாகப் பிறந்த கடைக்குட்டி. "எங்க ஊர் வழக்கமும் அதான். வீடு பொண்ணுக்கு. இது நிதா வீடு. எல்லாரும் சாட்சி!"

எல்லோரும் கைதட்டினார்கள். மேலே உத்தரம் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது.

"மரம் செட் ஆகுது" என்றான் நஜ்முதீன்.

மறுநாள் விடியலில்தான் அந்தச் சத்தம் கேட்டது. அன்று மாலை அவன் வேலைக்காக மிட்லண்ட் கிளம்பிவிட்டான்.

அடுத்த நாள் கோடுகள் செம்மண்ணைத் தாண்டிப் புல்லுக்கு வந்திருந்தன. பனித்துளிகளில் சீப்பால் வாரியதுபோலத் தெரிந்தன. முடிவது அதே வாசற்படியில். தொடங்குவது மட்டும் தினமும் கொஞ்சம் தள்ளி. எலுமிச்சைத் தொட்டியிலிருந்து, ஊஞ்சலிலிருந்து, பிறகு சமையலறையின் கண்ணாடிக் கதவிலிருந்து. யாரோ அதுவரை வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டு, தன் தடத்தைப் பெருக்கிக்கொண்டே பின்னோக்கிப் போகிறார்கள்.

ஸ்கூல் விட்டு வந்ததும் நிதா அந்த வீட்டுக்குள் போய் உட்கார ஆரம்பித்தாள்.

"நிதா, உள்ள வாம்மா. கொசு கடிக்கும்."

"ஐ காண்ட், உம்மா. சம்படி ஹாஸ் டு ஸ்டே."

"யாரு சொன்னா?"

"த ஆன்ட்டி."

கையைப் பிடித்து இழுத்து வந்தாள். குழந்தையின் உள்ளங்கை முழுக்கச் செம்மண். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. பத்ருன்னிசா நஜ்முதீனுக்கு ஃபோன் பண்ணிக் கோடுகளைப் பற்றிச் சொன்னாள்.

"லேபர் யாராச்சும் வந்து க்ளீன் பண்ணிருப்பான்மா."

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மச்சான்."

மறுநாள் சாயங்காலம் அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "ஏஜென்ட்கிட்ட பேசினேன். வீடு போன அப்பறமும் அந்த எடத்துலயேதான் ஒக்காந்திருந்தாங்களாம். மழையிலயும். காலைல எந்திரிச்சு அந்த வெறும் தரையப் பெருக்குவாங்களாம். ஒருநாள் தரை பெருக்கியிருக்கு, ஆளக் காணோம்."

"கோடு எங்க போயி முடிஞ்சிருந்துச்சாம்?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"நா நாளைக்கே வந்துர்றேன். நிதாவ பாத்துக்க."

நிதாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எல்லாக் கதவையும் பூட்டினாள். கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டாள். நிதாவைத் தன் கட்டிலில் படுக்கவைத்து, அவள் மணிக்கட்டைத் தன் கையால் பற்றிக்கொண்டு, ஓத வேண்டியதையெல்லாம் ஓதி ஊதினாள். ஏசியின் இரைச்சல். குழந்தையின் மூச்சு. தேக்கெண்ணெய் வாசனை, மெல்லியதாக, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல்.

கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. கை மரத்துப்போயிருந்தது. விரல்கள் ஒரு மணிக்கட்டின் அளவுக்கு வளைந்தபடியே இருந்தன.

உள்ளே மணிக்கட்டு இல்லை.

கட்டிலோரத்துக் கார்ப்பெட்டில் கோடுகள். பிறைபிறையாக. அவை அங்கே தொடங்கியிருந்தன.

அவள் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தெரிந்தது, கால்கள் நடந்தன. மாடி வராந்தாக் கார்ப்பெட்டில் கோடுகள். படிக்கட்டில், ஒவ்வொரு படியிலும். மேசை போட்ட இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள்.

புல்லில் கோடுகள். ஊஞ்சலைத் தாண்டி. எலுமிச்சைத் தொட்டியைத் தாண்டி. செம்மண். சின்னக் கால்தடம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே நடந்தாள். இல்லை. எத்தனை பேர் நடந்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

வாசற்படி.

நிதா தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கால்களை ஒருபக்கமாக மடித்து. முதுகைக் காட்டி.

"நிதா."

திரும்பவில்லை. தன்னைச் சுற்றியிருந்த மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமமாக்கிக்கொண்டிருந்தாள்.

"நிதா, உம்மாகிட்ட வா."

"உம்மா." சாதாரணக் குரல். கொஞ்சம் சலிப்பு. "யூ ஸ்டெப்ட் ஆன் இட்."

சரக்.

பின்னாலிருந்து வந்தது. பத்ருன்னிசா திரும்பினாள். கதவிலிருந்து அவள் நடந்து வந்த தடங்கள் பனிப்புல்லில் கறுப்பாக இருக்க வேண்டும். புல்லில் ஒன்றுமில்லை. வாரிவிட்டதுபோல் கிடந்தது. செம்மண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தன.

சரக்.

தொலைவில் இருந்த தடம் போயிற்று. அந்த இடத்தில் ஒரு பிறை.

சரக்.

அதற்கடுத்தது.

யாரும் இல்லை. பின்னோக்கி நடந்து வருபவரின் மூச்சு மட்டும், நிதானமாக, குனிந்து வேலை செய்பவரின் மூச்சு.

சரக்.

படியோரத்தில் ஒரே ஒரு தடம்தான் மிச்சம். அதில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.