கிவிக் கொடியை யார் கடித்தது?

“நான் தொடவே இல்லடி. எத்தனை தடவை சொல்றது?” என்றாள் மதுமதி.

“பின்னே, செடியே தன்னோட இலையைக் கடிச்சுக்கிச்சா?”

“ஓ, நான் இலை வேற திங்கறேனா? என்னைப் பார்த்தா ஆடு மாதிரி இருக்குதா?”

கனிஷ்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். சந்தேகப்படும்போது சிரிக்கக் கூடாது.

மதுமதி அடுத்த வீட்டுத் தோழி. இரண்டு வீட்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். கனிஷ்காவின் மாடியில் கிவிக் கொடி இருப்பது, வீட்டாரைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“இனிமே உன்கூடப் பேச மாட்டேன்” என்று மதுமதி இறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கொடியை, ரிக் லாரியோடு இமாசலத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்த அப்பா, திருச்செங்கோடு வரை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இப்போது இலைகள் கந்தல். தண்டில் கீறல். தொட்டி மண் கிளறப்பட்டிருந்தது.

‘இருடி, கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.’

பாத்திரம் தேய்க்க, கிணறு துளைத்த இடத்திலிருந்து அப்பா கொண்டுவந்த பாறைத்தூளைத் தொட்டியைச் சுற்றித் தூவினாள் கனிஷ்கா. மாவு போல மெல்லிய தூள். யார் மிதித்தாலும் தடம் விழும்.

மாலையில் ஓடிப்போய்ப் பார்த்தாள். பெரிய கால்தடம்!

“மாடியெல்லாம் யாரு மண்ணைக் கொட்டினது? துணி எடுக்கப் போனா காலெல்லாம் புழுதி!” கீழேயிருந்து அம்மா கத்தினார்.

மறுநாள் காலையில் வேறு தடங்கள் தெரிந்தன. சின்னச் சின்ன வட்டங்கள். அவற்றின் முடிவில் தெருப் பூனை ஒன்று தொட்டியைக் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருந்தது. கன்னத்தைத் தண்டில் தேய்த்தது. எச்சில் ஒழுகியது. ஓர் இலையைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டது.

அப்பாவுக்கு போன் போட்டாள். “ஏனுங்கப்பா, பூனை கிவி இலை திங்குமாங்க?”

“அடடா! அங்க கிவிக் கன்னுக்கெல்லாம் கம்பி வலை கட்டியிருந்தாங்க சாமி. எதுக்குன்னு கேக்காம வந்துட்டேன், இந்த வாசனைக்கு மயங்கற பூனைக்குத்தான் போல!”

கனிஷ்கா பழைய கொசுவலையால் கொடியைச் சுற்றிக் கட்டினாள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பூனைக்கு ஒரு மூலையில் போட்டாள். கொடி பிழைத்துவிடும். ஆனால் மதுமதியிடம் என்ன சொல்வது?

நடுச்சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தப் பக்கம் மதுமதி முதுகைக் காட்டியபடி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“மதுமதி, உன்மேல தப்பே இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

மதுமதி ஒரு துண்டைப் பட்டென்று உதறினாள்.

“திருடன் இங்கதான் மல்லாக்கப் படுத்திருக்கான். மீசையெல்லாம் எச்சில். ஒரே ஒரு தடவை வந்து பாரேன். சிரிப்பு வந்துச்சுன்னா மட்டும், என்கூடப் பேசறியா?”