விலை சொல்ல வந்தவன்

"நாலு நாளா இதோ வர்றேன், இதோ வர்றேன்னு சொல்லிட்டு... மழை கொட்டுறப்பதான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

கதவைத் திறந்த வேகத்திலேயே வெடித்தாள் அவள்.

வாசலில் நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். தோளில் கனத்த பை. மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளிகள்... அதற்குப் பின்னால் கண்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

"இல்லைங்க, நான் வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நேரா மொட்டை மாடிக்குப் போங்க. தண்ணி தேங்கி உள்ள ஒழுகுது. வாளி மாத்தி மாத்தி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு!"

அவன் வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, பையை ஓரமாக வைத்துவிட்டுப் படியேறினான்.

கால் மணி நேரம். வாளிக்குள் 'டொக்... டொக்...' என்று விழுந்துகொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்ல நின்றது. முழங்கை வரை சேறோடு இறங்கி வந்தான்.

"தண்ணி போற குழாய் வாயில இலை அடைச்சிருந்துது. எடுத்துட்டேன்."

"அப்பாடா! கூலி எவ்வளவு?"

"அதை உங்க அண்ணன் முன்னாடியே குடுத்துட்டார்ங்க. நான் ஒழுகல் பார்க்கறவன் இல்லை. இந்த வீட்டுக்கு விலை போட வந்தவன்."

அவளுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "ஐயோ..." என்று உதட்டைக் கடித்தபடி துண்டை எடுத்து நீட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள் அவள். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களையாவது பார்ப்பாள். கலங்கிய கண், காய்ந்த கண், களைத்த கண்... எல்லாமே அவளுக்கு எண்கள்தான். ஆனால் இந்தக் கண்கள்? மழை விட்ட பிறகும் இலையில் தங்கிய ஈரம் மாதிரி... ச்சே, என்ன இது! எண் மறந்து போச்சே!

அந்த வீட்டை அவளும் அண்ணனும் சேர்ந்துதான் வாங்கினார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், விலை உச்சாணிக் கொம்பில் இருந்த நேரம். போன வருஷம் அண்ணனுக்கு வேலை வெகுதூரத்தில் ஒரு நகரத்துக்கு மாறியது. அண்ணியும் கூடப் போய்விட்டாள். இங்கே வங்கித் தவணை, அங்கே வாடகை என்று இரட்டைச் சுமை. "வித்துத் தொலைச்சிட்டு நீயும் இங்க வந்துடு வாண்டு" என்று தினமும் போன். விற்பதற்கு முன் சரியான விலை தெரிய வேண்டுமே என்று அண்ணன் ஏற்பாடு செய்த மதிப்பீட்டாளன்தான் இவன்.

அறை அறையாக அளந்தான். சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தான். சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டான். அவள் பின்னாலேயே போனாள்... ஏன் போகிறோம் என்று தெரியாமலே.

"உண்மையைச் சொல்லட்டுங்களா?"

"பின்ன, பொய் சொல்றதுக்கா எங்க அண்ணன் காசு குடுத்தார்?"

அவன் சிரித்துவிட்டான். "நீங்க வாங்கின விலையில மூணுல ஒரு பங்கு இப்ப போயிடும். சுத்தி புதுசா கட்டினதெல்லாம் காலியாக் கிடக்கு. வீடு நல்ல வீடு... நேரம்தான் சரியில்லை. விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க. வர்ற வாடகை தவணைக்குச் சரியாப் போகும். ரெண்டு மூணு வருஷத்துல விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆனா வீடு உங்க கையில இருக்கும்."

"வாடகைக்கு விட்டா நான் எங்க போறது?"

"அது... நீங்கதான் யோசிக்கணும்" என்றவன், ஏனோ பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

யோசித்தாள். கடைக்கு மேலே ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. ஒருத்திக்கு அது போதாதா?

இரண்டு நாள் கழித்து, பின்பக்கச் சுவரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று வந்தான். அடுத்த வாரம், படிக்கட்டின் அகலம். அன்றும் தூறிக்கொண்டிருந்தது. இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"கண்ணாடியை மாத்துங்க நீங்க. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கறீங்க."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"என்ன தெரியுது?"

"எதிர்ல இருக்கறது..."

கன்னம் சூடேறியது அவளுக்கு. பேச்சை மாற்றுவதற்காகக் குடித்தனக்காரர் கிடைப்பது கஷ்டமா என்று கேட்டாள். தன் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றும், இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்துக் கணவர், குழந்தையோடு வீடு தேடுகிறாள் என்றும் சொன்னான். அவளுக்கோ வானத்தில் பறப்பது போல இருந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் முழுசாகக் கேட்டான். பிறகு சொன்னான். "விலையைக் குறைச்சுச் சொல்றான். விக்காதேங்கறான். கடைசியில சொந்த அக்காவையே குடி வெக்கிறான். உனக்குப் புரியலையா வாண்டு? உன் தலையில மிளகாய் அரைக்கிறான்!"

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. இருக்காது... இருக்கவே இருக்காது... ஒருவேளை இருக்குமோ?

மறுநாள் அவன் கடைக்கே வந்தான், முகமெல்லாம் சிரிப்பாக. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"உங்க அக்காவுக்காகத்தான் விலையைக் குறைச்சுச் சொன்னீங்களா?"

சிரிப்பு அப்படியே அணைந்தது.

"எழுதிக் குடுத்த விலை சரியான விலைங்க. யாரை வேணா வெச்சுப் பார்த்துக்கங்க. அக்காவுக்கு நான் வேற வீடு பார்த்துக்கறேன்."

போய்விட்டான். கண்ணாடிக் கதவு தானாக ஆடி ஆடி நின்றது.

பத்து நாள்... மழையே இல்லை. அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. கண் சோதிக்க வந்த பெரியவர் ஒருவர் கடுப்பாகிவிட்டார். "நான் சரியாப் படிச்சும் தப்புங்கறியே தாயி! முதல்ல உன் கண்ணை யாராவது பார்க்கட்டும்!"

பதினோராம் நாள் அண்ணனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"வாண்டு... உனக்குத் தெரியாம இன்னொரு ஆளை வெச்சு விலை கேட்டேன். அவன் இன்னும் கம்மியாப் போட்டிருக்கான். அந்தப் பையன் மேல தப்பில்லை. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். வீட்டை விக்க வேணாம், வாடகைக்கே விடலாம்."

"நீ பேசினே. நான் அதை அப்படியே அவர் முகத்துல கொட்டிட்டேண்ணா..."

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. மதிப்பீட்டாளனைப் பார்த்து வருவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு, அரை நாள் லீவு போட்டு அவன் ஆபீசுக்குக் கிளம்பினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும்... கேட்டால் பேசுவானா?

ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்த வீடும்மா? ஓ, அந்த மாடி வீடா? முதல் நாளே அளந்து, அன்னிக்கே அறிக்கை அனுப்பியாச்சே!"

"அதுக்கப்புறமும் ரெண்டு தடவை அளக்க வந்தாரே..."

"அளக்கவா?" அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி! உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு. சீக்கிரம் வா!"

அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதங்கள் நழுவப் பார்த்தன. இருவரும் ஆபீசுக்கு வெளியே, வெயில் விழுந்த நடைபாதையில் நின்றார்கள்.

"தப்பு என் மேலதான். யாரோ சொன்னாங்கன்னு கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க..."

"நீங்க கேட்டதுல பாதி நிஜம்ங்க."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"விலையில பொய் இல்லை. யார் கேட்டிருந்தாலும் அதே யோசனையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா உங்ககிட்டச் சொல்றப்ப... வித்துட்டா நீங்க இந்த ஊரை விட்டே போயிடுவீங்களேன்னு மனசுக்குள்ள ஒரு பயம் இருந்துது. அன்னிக்கு அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரலை. அதான் கோபம் மாதிரி காட்டிட்டுப் போயிட்டேன்."

"இப்ப தைரியம் வந்துடுச்சா?"

"இல்லை. இருந்தாலும் சொல்லிடறேன்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"அக்காவுக்கு வீடு கிடைச்சுதா?" என்றாள், மெல்ல.

"தேடவே இல்லைங்க. மனசு வரலை."

"அடுத்த வாரமே எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றபடி அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்ன வாண்டு, பார்த்தியா அவரை? குடித்தனத்துக்கு ஆள் வேணுமே..."

"கிடைச்சாச்சுண்ணா. அவங்க அக்காவேதான். அடுத்த வாரம் குடி வர்றாங்க."

"நல்லதாப் போச்சு!"

"அண்ணா..." கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். "எனக்கும் ஆள் கிடைச்சாச்சுண்ணா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

மறுமுனையில் ஏதோ இழுபறி. அண்ணனைத் தள்ளிவிட்டு அண்ணியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"அவர் பக்கத்துலதான் நிக்கிறாரா? போனை அவர்கிட்டக் குடுடி... எங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு எப்ப வர்றார்னு நானே கேக்கறேன்!"

அவள் கண்ணைத் திறந்து, காது நுனி வரை சிவந்து நின்றவனிடம் போனை நீட்டினாள்.