சூட்டுப் பெட்டியின் வாய்

அக்கா பார்த்த வேலையையே தங்கைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனிக்குப் பெரிய மனசு என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் அந்தப் பெண், முதல் நாள் காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டே பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தாள். ஜன்னல் இல்லாத அறை. ஏசி உள்ளே கிடந்த காற்றையே சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தது. மூலையில் அந்த மெஷின்.

மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் மெஷின். மருந்தைக் கரைத்துக் கொண்டுபோகும் கரைப்பானைப் பம்ப் அழுத்தி, விரல் தடிமனான ஒரு எஃகுக் குழாய்க்குள் தள்ளும். குழாயின் சூடு கொஞ்சம் மாறினாலும் முடிவு தப்பாகும் என்பதால், அதை ஒரு சின்ன ஓவனுக்குள் வைத்திருப்பார்கள். ஓவனின் அடியில் ஒரு ஓட்டை. எங்காவது கசிந்தால், அந்தத் துளி ஓட்டைக்குள் இருக்கும் சென்சாரில் பட்டு, பம்ப் நின்று, மெஷின் கத்தும். கத்தத்தான் வேண்டும். சூட்டில் ஆவியாகும் கரைப்பான் மூச்சோடு உள்ளே போனால் விஷம். அதுவும் பாழாய்ப்போன விஷம், உடனே காட்டிக்கொள்ளாது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

சாகிற அன்றைக்கும் அக்கா வழக்கம்போல வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல, "கைய கழுவிட்டுச் சாப்பிடுடி" என்று தங்கையை விரட்டினாள். அப்புறம் வாந்தி. விடிவதற்குள் போய்விட்டாள். சாப்பாடு சேரவில்லை என்று எல்லோரும் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த வாந்திப் பேசினைக் கழுவியவள் சின்னவள்தான். அந்தப் புளித்த வாடையை அவள் மூக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஓவன அறுபது டிகிரில வைம்மா," என்றார் மேலாளர்.

"வச்சிட்டேன் சார். முப்பத்தேழைத் தாண்ட மாட்டேங்குது."

மனித உடம்பின் சூடு. அவளுக்கு அது அப்போது தோன்றவில்லை.

மெஷின் கத்தத் தொடங்கியது. மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார். "இதே ரோதனை. அந்த ஓட்டையில டிஷ்யூ பேப்பரத் திணிச்சிரு, கத்தாது. உங்கக்கா அப்படித்தான் செய்வா."

"கசியுறதுனாலதானே சார் கத்துது? நிறுத்திட்டு குழாய் நட்டை முறுக்கிப் பாக்கறேனே?"

"நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும். சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட் போகணும். உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

அக்காவிடமும் இதையேதான் கேட்டிருப்பார் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் டிஷ்யூவைச் சுருட்டித் திணித்து ஓவன் கதவைச் சாத்தினாள்.

உள்ளே ஏதோ ஓங்கரித்தது.

மறுபடி அலறல். கதவைத் திறந்தாள். டிஷ்யூ வெளியே கிடந்தது. நனைந்து, சளிச்சளியாக, மஞ்சள் கோழை நூல்விட்டபடி. அதில் பல் பதிந்திருந்தது. குப்பென்று வாடை அடித்தது.

அந்தப் பேசின் வாடை.

"சீ, ஒரு டிஷ்யூ வைக்கத் துப்பில்ல!" மேலாளர் புது டிஷ்யூவை எடுத்து, வெறும் விரலாலேயே ஓட்டைக்குள் அழுத்தினார். விரல் அடிவரை போயிற்று. அவர் முகம் கோணியது. "என்ன கருமம் இது... கொழகொழன்னு... சூடா..."

கையை உருவினார். மணிக்கட்டு வரை கோழை வழிந்தது. அதைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டார், மனுஷன்!

மெஷினின் அலறல் அடங்கியது. சூடு மளமளவென்று அறுபதுக்கு ஏறியது.

"பாத்தியா?" என்று சிரித்தவர், இருமினார்.

மறுபடி இருமினார்.

வாய்க்குள் விரலை விட்டு எதையோ இழுத்தார். ஈர டிஷ்யூ. இழுக்க இழுக்க வந்தது. முழம் முழமாக, பித்தமும் எச்சிலும் சொட்டச் சொட்ட வந்துகொண்டே இருந்தது. கண் பிதுங்கியது. உதடு நீலம் பாய்ந்தது.

"அக்கா, வேணாம்," என்று கிசுகிசுத்தாள் சின்னவள்.

பாய்ந்து பம்பை நிறுத்தினாள். சூட்டை அணைத்தாள். ஓட்டையை அடைத்திருந்த டிஷ்யூவை முகம் சுளித்தபடி நோண்டி எடுத்தாள். அந்த நொடியே அவர் தொண்டையிலிருந்து கடைசித் துண்டு வந்து விழுந்தது. மனிதர் தவழ்ந்தே வெளியே போனார். இனி இந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அவளை வேலையிலிருந்து நீக்கவும் வாய் திறக்க மாட்டார்.

ஓவனை ஆறவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நட்டை முறுக்கினாள். ஓட்டை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலை உள்ளே விட்டாள்.

சில்லிட்டிருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமான ஏதோ ஒன்று அவள் விரலை மெதுவாகக் கவ்வி, சப்பிவிட்டு, விட்டது. புளித்த மூச்சு முகத்தில் அடித்தது.

"கைய கழுவிட்டுச் சாப்பிடுடி."

கழுவினாள். சோப்புப் போட்டு, தோல் உரியும் வரை கழுவினாள். வீட்டில் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனதும் விரலில் அந்த வாடை.

அன்றிலிருந்து சின்னவள் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறாள்.