சக்கை மூட்டை

அடிவயிறு கல்லாய்க் கனத்தது. ஆறு நாளாகக் கழியவில்லை செல்லக்கனிக்கு. மூட்டைக்குக் குனிந்தால் கண் இருட்டியது. சத்துப்பசை உறிஞ்சி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பசி வேறு.

நார்நீக்கி வந்தபின் துறைமுகக் கிடங்கில் சோறு கிடையாது. கம்பு, கீரை, வாழைத்தண்டு எதைப் போட்டாலும் எந்திரம் நாரை உருவிவிட்டுப் பசையாக்கித் தரும். சக்கையே இல்லை, பிறகு கக்கூஸ் எதற்கு என்று நிர்வாகம் அதைப் பூட்டிவிட்டது. உருவிய நாரை அக்கரையில் மலச்சிக்கல் மருந்தாக விற்கிறார்கள். அந்த மூட்டைகளைத்தான் செல்லக்கனி கப்பலுக்குச் சுமக்கிறாள்.

“மருந்தத் தோள்ல வச்சிக்கிட்டு வயித்தப் பிடிக்கியே மைனி!” என்றான் கூடச் சுமக்கும் மிக்கேல்.

கிழிந்த மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளித் தின்றாள். தண்ணீர் தொடவில்லை. வேலை நேரத்தில் ஒன்றுக்கு முட்டக்கூடாதென்று பழகிய வாய். மறுநாள் கல், பாறையாயிற்று.

“கூறுகெட்ட மைனி, வறட்டு நாரு சிமிண்டுல்லா? குடி!” மிக்கேல் தன் பாட்டிலை நீட்டினான்.

இரண்டு நாள் நாரோடு தண்ணீரும் குடித்தாள். மூன்றாம் நாள் வயிறு அசைந்தது. மேஸ்திரி துரைப்பாண்டியிடம் ஓடினாள்.

“சார், கக்கூஸ் சாவி.”

மேஸ்திரி நாற்காலியில் ஒருச்சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பசைதான். ஒன்பது நாள். அவள் வாயோரம் ஒட்டிய நாரைப் பார்த்தார். திருட்டு என்று எழுதினால் அவளுக்கு வேலை போய்விடும். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“வேல செய்யுதா?”

“செய்யுது சார். அதான் நிக்கேன்.”

“எனக்கும் ரெண்டு கை கொண்டா. செய்யட்டும், சாவி தாரேன்.”

நாரும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அன்று வேலை முடியும்வரை பல்லைக் கடித்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேஸ்திரியே சாவியோடு ஓடினார். பின்னாலேயே, மறுபடி முட்டிக்கொண்டு வந்த செல்லக்கனி. ஒரு வருட உப்புக்காற்றில் பூட்டு துருவேறிக் கிடந்தது. திருகினார். சாவி உள்ளேயே ஒடிந்தது.

“தாயி, அந்தக் கடப்பாரைய எடு!”

“எடுக்கேன். ஆனா மொத மொற எனக்கு.”

“சரி, சரி, ஒனக்குத்தான். இடி!”

மூட்டை தூக்கிய தோளால் நெம்பினாள். நாலாவது நெம்பில் கதவு விழுந்தது. அவள் கடப்பாரையைக் கீழே வைக்குமுன் மேஸ்திரி உள்ளே பாய்ந்து, விழுந்த கதவைத் தூக்கி மறைத்துக்கொண்டார்.

செல்லக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். துரைப்பாண்டி அவளுக்கு ஒரு முறை பாக்கி.