முப்பது மடங்கில் தெரிந்த ஜன்னல்

யதீசன் புகைப்பட நண்பர்கள் குழுவுக்கு அனுப்பிய ஐந்து மாதிரிப் படங்களில் மூன்றாவதிலிருந்து ஜன்னல் திறந்திருந்தது.

அவர் அதைச் சாத்தித் தாழிட்டுவிட்டுத்தான் வெளியே போயிருந்தார். ஆங் மோ கியோ அடுக்குமாடிப் பேட்டையில், எதிர் புளோக்கின் பத்தாம் மாடி நடைவழியில் நின்று, தம் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒரே இடத்திலிருந்து ஐந்து முறை எடுத்திருந்தார்: ஜூம் இல்லாமல் ஒன்று, பிறகு ஐந்து, பத்து, இருபது, முப்பது மடங்கு. புதிய கேமரா வாங்கும்போதெல்லாம் அவர் செய்யும் சோதனை அது. படங்களோடு தம் கருத்தையும் எழுதியிருந்தார்: 'சட்டைப்பையில் அடங்குகிறது. கைநடுக்கத்தைத் தாங்குகிறது. தூரத்தில் நிறம் சற்று வெளிறுகிறது.'

தேக்காவில் கேமரா கடை வைத்திருக்கும் சேக் தாவூது உடனே கூப்பிட்டார்.

"அண்ணே, கேமரா பரவாயில்ல லா. முப்பதுல பேப்பர் எழுத்தே படிக்க முடியுது. பாசிர் ரிஸ்லேருந்து மக வந்திருக்கா?"

"எந்தப் பேப்பர் தாவூது?"

"ஜன்னல்ல புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்களே. முகத்த மறைச்சிருச்சி. என்னா பொறுமை. எங்க வீட்டுல ரெண்டு செகண்ட் நிக்கச் சொன்னா, நாலு நாளைக்குச் சோறு கிடையாது."

யதீசன் அழைப்பைத் துண்டித்தார். நான்காவது படத்தைத் திறந்தார். இருளான சமையலறையின் முன்னே வெள்ளையாக ஒரு தாள். ஐந்தாவதில் அந்தத் தாளின் இரு ஓரங்களிலும் விரல்கள். மேல்மூலையில் தேதி தெளிவாக இருந்தது. சென்ற ஆண்டு மார்ச்சு மாதத் தேதி.

அந்தத் தேதியை அவர் மறக்கக்கூடியவர் அல்லர்.

முப்பது ஆண்டுகளாக அந்த ஜன்னலில் நாளிதழைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவருடைய மனைவி ஆரணி. தூரத்து எழுத்து படிக்க முடிகிறதா என்பதை வைத்தே அவர் ஒரு கேமராவை எடைபோடுவார். "கொக்கு மாதிரி நில்லு. மீன் உன்ன நாணல்னு நம்பணும்," என்பார். "கொக்குக்காவது கடைசில மீன் கிடைக்கும். எனக்கு என்னங்க கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவள் நிற்பாள்.

சென்ற ஆண்டு மார்ச்சில் அந்த மாலை, அவள் அசையாமல் நிற்கவில்லை. நாளிதழ் நழுவிக் கீழே விழுந்தது. அவள் கையை உயர்த்தி ஆட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தார் யதீசன். உள்ளங்கையை அவள் பக்கம் விரித்து, அசையாதே என்று சைகை காட்டினார். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். அவர் மூன்று படங்கள் எடுத்தார். 'கை அசைந்ததால் கலங்கிவிட்டது, ஷட்டர் வேகம் போதவில்லை' என்று அங்கேயே நின்று குழுவுக்கு எழுதினார். பிறகு கால்வாய்க்குப் போய், மைனாக்களை எடுத்தார். வீடு திரும்பியபோது அடுப்பில் பருப்பு கருகிக் கிடந்தது. அதன் கீழே தரையில் அவள் கிடந்தாள்.

நெஞ்சுவலி என்றார்கள். அப்பா வெளியே போயிருந்தார் என்று மகள் நிவேதிகா எல்லாரிடமும் சொன்னாள். அவரும் அதையே சொன்னார். அந்த மூன்று படங்களைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருந்தால் போதும் என்பதே இந்த ஓராண்டாக அவருடைய ஒரே ஆசை.

மாலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் மீண்டும் எதிர் புளோக்குக்குப் போனார். பத்தாம் மாடி நடைவழியில் யாரோ சம்பால் வதக்கும் காரநெடியும், மூங்கில் கழிகளில் தொங்கும் ஈரத்துணியின் சோப்பு மணமும், இறங்கிப் போகும் மின்தூக்கியின் நீண்ட முனகலும் ஒன்றுகலந்து நிற்க, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அவருடைய ஜன்னல் ஒன்று மட்டும் விளக்கின்றிச் சாத்தியிருந்தது. சாத்தியே இருந்தது. அவர் கேமராவை உயர்த்தினார்.

ஐந்து மடங்கு. சாத்திய ஜன்னல்.

பத்து. திறந்த ஜன்னல்.

இருபது. நாளிதழ். அதில் சிறு அசைவும் இல்லை. வெகுநாளாக அப்படியே நின்றிருப்பதைப் போல.

சம்பால் நெடி போய்விட்டது. இப்போது கருகிய பருப்பின் நாற்றம்.

"ஆரணி," என்றார். "நான் பார்த்தேன்மா. பார்த்துட்டுத்தான் போனேன்."

முப்பது.

நாளிதழ் மெல்ல இறங்கியது. முதலில் நெற்றி. பிறகு கண்கள். கோபமில்லாத கண்கள். அழுது ஓய்ந்த கண்கள்.

அவருடைய இடத்தோளில் ஏதோ இறுகியது. அது முழங்கைக்கு இறங்கியது. பிறகு நெஞ்சுக்கு. கேமரா கழுத்துவாரில் தொங்கியது. குரல் வரவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வலக்கையை உயர்த்தி ஆட்டினார். கீழே கடந்துபோன ஒருவர் அண்ணாந்து பார்த்தார். சிரித்தார். தாமும் கையசைத்துவிட்டுப் போனார்.

இன்னும் வேகமாக ஆட்டினார்.

எதிரே ஜன்னல் திறந்திருந்தது. இப்போது கேமரா இல்லாமலே அவருக்குத் தெரிந்தது. நாளிதழை அவள் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். மற்றக் கையை உயர்த்தி, உள்ளங்கையை அவர் பக்கம் விரித்தாள். ஐந்து விரல்களும் தனித்தனியாக, ரேகை உட்பட, சற்றும் கலங்காமல்.